வெளுக்காத கோட்டு

காலை ஏழு மணிக்கே வரிசை மண்டப வாசலைத் தாண்டி, மருந்துக்கடையைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தையும் விழுங்கிவிட்டிருந்தது. நின்றவர்கள் அத்தனை பேரும் கறுப்பு உடுத்தியிருந்தார்கள். துக்க வீடு என்று நினைத்த ஒரு வழிப்போக்கர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடைசியில் போய் நின்றார். விஷயம் தெரிந்த பிறகும் அவர் வரிசையை விட்டு வரவில்லை.

விஷயம் இதுதான். உள்ளே நிழலறி ஞானியார் ஒரு பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். பெட்டி முன்னால் நீங்கள் நின்றால், பக்கத்துத் திரையில் உங்கள் உருவம் தெரியும். உங்கள் கறுப்புச் சட்டை கறுப்பாகவே தெரியும். "பார்த்தாயா, உன் ஆத்மாவின் அழுக்கு!" என்பார். காணிக்கை போட்டதும் கண்ணை மூடி, பெட்டியின் முதுகைத் தடவுவார். அவ்வளவுதான், திரையில் உங்கள் சட்டை பால்போல் வெளுத்துவிடும்! ஜனங்கள் விம்மினார்கள். ஒருவர் மட்டும், "எங்க சகலபாடியை வெளுக்கவே கூடாது ஐயா" என்று கெஞ்சினார். அதற்குக் காணிக்கை தனி.

இந்த ஞானியாரை ஒருநாள் லென்ஸ் தொழிற்கூடம் ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே என்ன செய்கிறார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் கூத்தின் ருசி தெரியாது.

வானவில்லில் சிவப்போடு நம் கண் நின்றுவிடுகிறது. ஒளி நிற்பதில்லை. சிவப்புக்கு அடுத்த வீட்டில் அகச்சிவப்பு குடியிருக்கிறது. நமக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஆப்பிளின் தோலுக்கு அடியில் உள்ள கன்றலையும், கைத்தோலுக்கு அடியில் ஓடும் ரத்தக் குழாயையும் அந்த ஒளியில் பார்க்கலாம். மற்ற ஒளியைத் தடுத்து அதை மட்டும் உள்ளே விடுவதற்குக் கேமராவின் முன்னால் ஒரு ஃபில்டர் வேண்டும். கண்ணாடி வில்லை ஒன்றைக் சேம்பர் எனும் காற்றில்லாத கலத்துக்குள் வைத்து, முடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசினால் அது கிடைக்கும். அந்தக் கூடத்தின் தொழில் அதுதான்.

இரண்டு மாதமாகப் படலம் வெயிலில் வெந்த தோல்போல உரிந்துகொண்டிருந்தது. வாங்கியவர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். முதலாளி தலையில் கை வைத்தார். அவருடைய மைத்துனர், கொள்முதல் அதிகாரி, ஞானியாரின் கையைப் பிடித்தார்.

சோதனை அறையில் முப்பத்தொரு பேர் வரிசையாக நின்றார்கள். ஒளி பட்டுத் தெறிக்கக் கூடாது என்று அங்கே எல்லோருக்கும் கறுப்புக் கோட்டு. ஞானியாருக்குக் கொண்டாட்டம். அறையின் புதிய விளக்குகள் "ஆத்மா இல்லாதவை" என்று அணைக்கச் சொன்னார். தாம் கொண்டுவந்த இரண்டு பழைய இழை பல்புகளை ஏற்றினார். ஒவ்வொருவராகக் கறுத்து, ஒவ்வொருவராக வெளுத்தார்கள். முதலாளி வெளுத்தார். மைத்துனர் வெளுத்தார். பொட்டலம் கட்டுபவர் வெளுத்து, ஒருமுறை தம்மைத் தாமே கும்பிட்டுக்கொண்டார்.

கடைசியாக அவர் மனைவி வந்தார். பதினோரு ஆண்டுகளாக ஒவ்வொரு ஃபில்டரையும் அளந்து பார்க்கும் வேலை. அளவுக்காரம்மா என்றால்தான் தெரியும்.

ஞானியார் பெட்டியைத் தடவினார். கோட்டு கறுப்பாகவே இருந்தது. மறுபடி தடவினார். கறுப்பு. பெட்டியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். கரிக்கட்டைக் கறுப்பு! ஞானியாரின் மீசையோரம் வியர்த்தது. இப்படி ஒன்று அவருக்கே நடந்ததில்லை. ஆனால் இருபது வருட அனுபவம் சும்மா போகுமா?

"இவள்தான்!" என்று எழுந்து கத்தினார். "இவள் மூச்சுப் படுவதால்தான் உரிகிறது!"

பொட்டலம் கட்டுபவர் மனைவியிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றார். "ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு," என்றார் மெதுவாக.

"என்னங்க இருக்கப் போகுது? உங்களைக் கட்டிக்கிட்டதுதான்."

முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "தப்பா நினைக்காதீங்கம்மா. சாயங்காலத்தோட நின்னுக்கோங்க. முப்பது பேர் பிழைப்பு இருக்கு."

"பதினோரு வருஷம் சார்."

"ஐயா கண்ணுல தப்பு வராதும்மா," என்றார் மைத்துனர்.

ஞானியார் பரிகாரத்தையும் சொல்லி முடித்தார். "இவள் போன பிறகு, நான் தந்த எண்ணெய் ஒரு சொட்டு போதாது. இனிமேல் தினமும் மூன்று சொட்டு."

அளவுக்காரம்மா நிமிர்ந்தார். "இனிமேலா? எந்த எண்ணெய்? எங்க தடவுறீங்க?"

"சேம்பருக்குள்ளதான்," என்றார் மைத்துனர், பெருமையோடு. "கண்ணாடி மாட்டுற வளையத்துல. தொழில் பெருகட்டும்னு ரெண்டு மாசமா, ஒருநாள் விடாம நானே என் கையால."

பூச்சு வேலை பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"சரி, அது பிறகு," என்றார் அளவுக்காரம்மா. "முதல்ல என் ஆத்மா." கணவரிடம் திரும்பினார். "உங்க கோட்டைக் கழட்டுங்க. என்னோடதைப் போடுங்க."

"நானா? வேற யாராச்சும்..."

"போடுங்கன்றேன்."

மாற்றிக்கொண்டார்கள். திரையில் அம்மா வெளுத்து நின்றார். புருஷன் இருட்டாக நின்றார்.

"இப்ப பாவம் யாருகிட்ட ஐயா?"

"பாவம் தொற்றும் தாயே," என்றார் ஞானியார்.

"அப்படியா?" கோட்டை வாங்கி நாற்காலியில் மாட்டினார். திரையில் நாற்காலியின் முதுகு கன்னங்கரேல் என்று தெரிந்தது. "நாற்காலி என்ன பண்ணிச்சு?"

"போன மாசம் என்னைக் கீழ தள்ளிச்சுக்கா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அம்மா சிரிக்கவில்லை. கணவரின் கோட்டைக் குப்பைக்கூடைக்குப் போர்த்தினார். குப்பைக்கூடை முற்றும் துறந்த முனிவரைப்போல் வெண்மையாக ஒளிர்ந்தது.

"கும்பிட்டுக்கோங்க சார், நம்ம கூடத்திலேயே இதுக்குத்தான் சுத்தமான ஆத்மா," என்றவர், தம் கோட்டை முதலாளியிடம் நீட்டினார். "இதை வாங்க நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க. சாதாரணக் கறுப்புத் துணி அகச்சிவப்புல வெள்ளையடிக்குது, என் அளவெல்லாம் தப்பா வருது, கரி கலந்த துணி வேணும்னு எழுதிக் கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

முதலாளி கோட்டைப் போடவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

விளக்கம் இவ்வளவுதான், எளிமையானது. துணிக்குப் போடும் கறுப்புச் சாயம் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் விழுங்கும். அகச்சிவப்பைக் கண்டுகொள்ளாது, அது நூலில் பட்டுத் திரும்பிவிடும். அதனால் அந்த ஒளியில் துணி வெள்ளை. கரி அப்படியில்லை, எது வந்தாலும் விழுங்கும். பெட்டிக்குள் ஒரு கேமரா, இரண்டு ஃபில்டர். ஒன்று அகச்சிவப்பைத் தடுக்கும், மற்றது அதை மட்டும் விடும். முதுகைத் தடவுகிற சாக்கில் விரல் முதல் ஃபில்டரை விலக்கி இரண்டாவதைக் கொண்டுவந்துவிடும். புதிய விளக்குகளில் அகச்சிவப்பு அநேகமாகக் கிடையாது. பழைய பல்பில் கொட்டிக் கிடக்கும். ஆத்மா அந்த இழையில்தான் இருந்தது. இதே ஃபில்டரை நாள்தோறும் தயாரிக்கும் முப்பது பேர், அந்தப் பெட்டியின் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்!

அம்மா திருகாணியைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தார். உள்ளிருந்த ஃபில்டரின் விளிம்பில் அவருடைய கையெழுத்திலேயே "தள்ளுபடி" என்று இருந்தது. ஓரம் உரிந்துகொண்டிருந்தது.

"இது நம்ம குப்பைக்குப் போன சரக்கு. உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

ஞானியார் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் கூரையைப் பார்த்தார்.

தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் ஞானியார் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "போன மாசத்திலிருந்தே ஓரம் மங்கலாத்தான் தெரியுதும்மா. இதுக்கு வாரண்டி ஏதாவது..."

கலத்தை மூன்று நாள் தேய்த்துக் கழுவினார்கள். எண்ணெய் பட்ட கண்ணாடியில் படலம் ஒட்டாது. நெய் தடவிய தட்டில் ஸ்டிக்கர் ஒட்டுமா? நான்காம் நாள் புதிதாய்ப் பூசிய வில்லையில் அம்மா ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுத்தார். டேப் வந்தது. படலம் வரவில்லை. "என் மூச்சு நல்லாத்தான் பட்டுச்சு சார்," என்று வில்லையை முதலாளி கையில் வைத்துவிட்டுத் தம் மேசைக்குப் போய் அடுத்ததை எடுத்தார். மைத்துனர் அன்றிலிருந்து கொள்முதலில் இல்லை.

மறுவாரம் மண்டப வாசலில் ஒரு மேசை போட்டு, திறந்த பெட்டியையும் கேமராவையும் இழை பல்பையும் வைத்து, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் அம்மா இதைச் செய்து காட்டினார். பொட்டலம் கட்டுபவர் குப்பைக்கூடையைப் பிடித்துக்கொண்டார். ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டினார்கள்.

முடிவில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். "எல்லாம் சரிம்மா. அந்த வெள்ளையாத் தெரியுற கறுப்புத் துணி எந்தக் கடையில கிடைக்கும்?"

இன்று அந்தத் தெருவில் ஒரு ஜவுளிக்கடை இருக்கிறது. "உத்தரவாதமாக வெளுக்கும் புண்ணியக் கறுப்பு" என்று பலகை. கடை முன்னால் வரிசை பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிவிட்டது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க அரை நிமிடம் ஆகும். வரிசையில் நிற்க மூன்று மணி நேரம் ஆகிறது. யோசிக்க நேரமில்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.