ஒரு மண்டலம் ஊறிய புகை

செபஸ்ரியன் சோதி ஐயாவுக்குக் கொடுக்கவேண்டிய கடன் ஆயிரத்து முந்நூற்று நாற்பது டாலர். அந்தக் கடனுக்கு அவன் வாங்கியது காரும் அல்ல, கட்டிலும் அல்ல. புகை. வாயால் இழுத்து, மூக்கால் விட்டு, காற்றோடு போன புகை.

நம்பாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நியூசிலாந்தின் ஒக்லாந்தில் இருக்கிற பாபடோயிட்டோய்க்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். சோதிலிங்கத்தின் கராஜ் வாசலில் தொடங்கும் வரிசை தெருமுனை டெய்ரிக் கடை வரை நீளும். கோயிலில் அர்ச்சனை முடித்தவர் முன்னால், தேவாலயத்தில் பூசை கண்டவர் பின்னால். யாழ்ப்பாணம், மன்னார், மதுரை, கோலாலம்பூர் எல்லாம் ஒரே வரிசை. எத்தனையோ சங்கம் வைத்தும் வராத ஒற்றுமை. ஏமாறுவதென்றால் நம் ஆட்களுக்குள் பேதமே கிடையாது.

சோதிலிங்கம் முன்பு பழைய கார் விற்றவர். ஓடாததை ஓடும் என்று சொல்லிப் பழகிய வாய் வீண்போகவில்லை. தாடி முழுதாக வளரும் முன்பே பக்தர்கள் வளர்ந்துவிட்டார்கள். பெயரும் சோதி ஐயா ஆகிவிட்டது.

அவர் விற்றது வேப் என்கிற மின்சிகரெட்டில் ஊற்றும் சாறு. கடைச் சாறு கம்பனிக்காரனின் கெமிக்கலாம். இவருடையது வீட்டிலே செய்த இயற்கையாம். கிளிசரினில் கராம்பும் ஏலமும் துளசியும் போட்டு, போத்தலைக் கறுப்புத் துணியால் சுற்றி, ஒரு மண்டலம் ஊறவைப்பார். பிறகு மந்திரம். சூடு தணிய ஒரு கரண்டி நல்லெண்ணெய். தலையில் வைத்தால் குளிர்கிற எண்ணெய் நெஞ்சுக்குள் போனால் எவ்வளவு குளிரும் என்று கேட்டார். வரிசையும் தலையாட்டியது.

இந்துக்களுக்கு விபூதி வாசம். கத்தோலிக்கருக்குச் சாம்பிராணி வாசம். விசா வராதவர்களுக்கு மல்லிகை. மோர்ட்கேஜ் வட்டி இறங்க வெட்டிவேர். இந்த விஷயம் வங்கிக்காரர்களுக்குத் தெரியாது, பாவம்.

சாறு மட்டும் என்றால் சனம் ஒரு தடவையோடு நின்றிருக்கும். அதற்குத்தான் கிளாஸ். சோதி ஐயா ஒரு கூஜாவிலிருந்து தெளிந்த தீர்த்தத்தைக் கண்ணாடிக் கிளாசில் வார்ப்பார். பக்தர் வேப்பை ஓர் இழுப்பு இழுத்து, ஸ்ட்ரோவால் தீர்த்தத்துக்குள் ஊதவேண்டும். குமிழி குமிழியாக வந்து, தெளிந்த தண்ணீர் பால்போல வெளுக்கும். நெஞ்சில் யாரோ வைத்த செய்வினை இறங்குகிறதாம். தண்ணீர் வெளுக்காமல் தெளிவாக நிற்கும் நாளில் செய்வினை முடிந்தது. அந்த நாள் ஒருவருக்கும் வரவில்லை. ஆகவே அடுத்த ஞாயிறும் வரவேண்டும், அடுத்த போத்தலும் வாங்கவேண்டும். கையில் காசில்லாதவருக்கு ஐயா கடனும் கொடுப்பார். கருணை.

செபஸ்ரியனுக்குச் சிறுவயது முதல் முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா. பென்ரோஸில் கொன்டெய்னர் இறக்குகிற வேலை. வாய்க்குள் மருந்துப் பம்ப் அடித்துக்கொண்டு ஒழுங்காகத்தான் இருந்தான். அந்தப் பம்ப் செய்வினையை உள்ளே பூட்டிவைக்கிறது என்று சோதி ஐயா சொன்ன அன்றே அதைக் குப்பையில் போட்டுவிட்டான். ஒரு காலை, சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தவனால் உடனே நிமிர முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெஞ்சுக்குள் விசில் அடித்தது. சமையலறையிலிருந்து அவன் மனைவி டோறின் அதைக் கேட்டாள்.

டோறின் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறவள். அவளுக்கு மந்திரம் தெரியாது. உடுப்புத் தோய்க்கத் தெரியும். செபஸ்ரியனின் சேர்ட் பையில் வேப் கசிந்த கறை எத்தனை தரம் தோய்த்தும் போகவில்லை. முகர்ந்து பார்த்தாள். தோசைக்கு விடுகிற அதே நல்லெண்ணெய். சேர்ட்டையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். அங்கிருந்த நேர்ஸ், எண்ணெய் சுவாசிக்கிற சாமான் இல்லை, இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், பம்ப் இல்லாமல் இன்னொரு முட்டு வந்தால் ஆள் தப்புவது கஷ்டம் என்று சொல்லி, புதுப் பம்புக்கும் வழி செய்து அனுப்பினாள்.

வெள்ளைக்காரிக்கு மூலிகை பற்றி என்ன தெரியும் என்று கேட்டான் செபஸ்ரியன். அவள் வெள்ளைக்காரி இல்லை, சமோவாக்காரி என்றாள் டோறின். அதுவும் எடுபடவில்லை.

"என்ட கண்ணால கண்டனான், டோறின். பாலா இறங்குது. கண்ணையும் நம்ப வேண்டாமெண்டு சொல்லுவியா?"

டோறினுக்கு, இவனுடைய நெஞ்சைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் அந்தக் கிளாசைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் விளங்கியது. புதுப் பம்பைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அவனோடு தானும் வரிசையில் நின்றாள்.

முறை வந்தது. செபஸ்ரியன் வேப்பை எடுக்கும் முன் அவள் ஸ்ட்ரோவை வாங்கிக்கொண்டாள்.

"நான் ஊதிறன் ஐயா. நான் ஒருநாளும் புகைச்சதில்லை."

சோதி ஐயா தடுப்பதற்குள் ஊதிவிட்டாள். வேப்பும் இல்லை, சாறும் இல்லை, வெறும் மூச்சு. தண்ணீர் வெளுத்தது. வரிசையில் முணுமுணுப்பு. சோதி ஐயா அசரவில்லை. பழைய கார் விற்றவர் அல்லவா. புருஷனுக்கு வைத்தது பெண்சாதியையும் பிடித்திருக்கிறது, இனி வீட்டுக்கு இரண்டு போத்தல் வேண்டும் என்றார். நாலு பேர் உச்சுக்கொட்டினார்கள்.

டோறின் அதே கூஜாவிலிருந்து இன்னொரு கிளாஸ் வார்த்தாள்.

"ஐயாவுக்குச் செய்வினை இல்லைத்தானே?"

"எனக்கு ஆர் வைக்கேலும், பிள்ளை?"

"அப்ப உங்களுக்கு வெளுக்காது. ஒருக்கா ஊதிக் காட்டுங்கோ. கடைசியில எப்பிடித் தெளிவா நிக்குமெண்டு நாங்களும் பாத்திட்டுப் போறம்."

விரதம், மௌனம், இன்று கரிநாள் என்று ஐயாவிடம் காரணங்கள் வரிசையாக இருந்தன. ஆனால் பின்னால் நின்ற குமாரசாமி கெடுத்துவிட்டார். ஹில்ஸ்பரோவில் வீடு வைத்திருப்பவர். கம்பியூட்டரில் பிழை கண்டுபிடிப்பது அவர் தொழில். வாரம் முழுதும் பிழை தேடுகிறவருக்கு ஞாயிறு லீவு. அவர் பக்தியோடுதான் சொன்னார்.

"ஊதுங்க சாமி. தெளிஞ்ச தண்ணி எப்படி இருக்கும்னு எங்களுக்கும் பார்க்கணும்."

கேட்டது பக்தர். மறுக்க முடியுமா? சோதி ஐயா ஸ்ட்ரோவை வாயில் வைத்தார். கன்னம் உப்பியது. குமிழி வரவில்லை.

"சாமி, காத்தே வரலையே," என்றாள் மஹதி. சென்னையிலிருந்து மேற்படிப்புக்கு வந்தவள். விசா மல்லிகைக்காக நின்றவள்.

எவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடிப்பார்? விட்டார். குமிழி எழுந்தது. சோதி ஐயாவின் கிளாஸ் எல்லாருடைய கிளாசையும் விட வெள்ளையாக வெளுத்தது. நெடுநேரம் அடக்கிய மூச்சு அல்லவா.

மஹதி கூஜாவைச் சாய்த்து அடியில் படிந்திருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது.

"சுண்ணாம்புத் தண்ணிங்க. நாம விடுற மூச்சு பட்டா வெளுக்கும். ஸ்கூல்ல செஞ்சு காட்டியிருக்காங்க. நானே செஞ்சிருக்கேன். செஞ்சுட்டு வந்துதான் இந்த வரிசையில நிக்கிறேன்."

வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு. அதைக் கரைத்துத் தெளியவைத்து, அதற்குள் ஊதச்சொல்லி, மனிதன் உயிரோடு இருப்பதற்கான அத்தாட்சியைச் செய்வினை என்று விற்றிருக்கிறார். செய்வினை முழுதாக நீங்க வேண்டுமென்றால் பக்தர் மூச்சை நிறுத்தவேண்டும். செபஸ்ரியன் கிட்டத்தட்ட அங்கேதான் போய்க்கொண்டிருந்தான்.

அவன் இன்னொரு கிளாஸ் வார்த்து, வேப் இல்லாமல் தானே ஊதிப் பார்த்தான். வெளுத்தது. பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு டோறின் பக்கம் கையை நீட்டினான். அவள் கைப்பையைத் திறந்து பம்பைக் கொடுத்தாள். அத்தனை பேருக்கும் முன்னால் இரண்டு தரம் அடித்து, கண்ணை மூடி மூச்சைப் பிடித்து மெல்ல விட்டான்.

குமாரசாமி காசைத் திருப்பிக் கேட்டார். அவர் கேட்டதும் எல்லாருக்கும் கேட்க வாய் வந்தது. நடுவில் சோதி ஐயா செபஸ்ரியனின் காதருகே வந்து, பழைய கணக்கை விட்டுவிட்டேன், மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று கெஞ்சினார்.

"எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லுங்கோ," என்றாள் டோறின்.

சொன்னார். ஆயிரத்து முந்நூற்று நாற்பது டாலரும் தள்ளுபடி என்று, மந்திரம் சொன்ன அதே குரலில், கராஜ் அதிரச் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான்.

ஊதச் சொன்னதும் வரிசையாக வந்து ஊதினீர்கள். ஏன் ஊதவேண்டும் என்று கேட்பதற்கும் அதே வாய் போதும், ஐயாமாரே.