வலது காலுக்கு மட்டும் ஒரு சீர்வரிசை

ஒரு உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆம்பூர், வேலூர், குடியாத்தம் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டு விசேஷமாக இருந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவன் நான். என் வீட்டு விசேஷத்துக்கு மட்டும் போனதில்லை. ஈவென்ட் மேனேஜ்மென்ட் என்று போர்டு மாட்டியவனுக்கு முகூர்த்த நாள் என்றால் அடுத்தவன் முகூர்த்தம்தான்.

என் அக்கா சுமதியின் நிச்சயதார்த்தத்தன்று நான் ஏலகிரியில் ஒரு கம்பெனியின் குடும்ப விழாவுக்கு பலூன் ஊதிக்கொண்டிருந்தேன். அவள் கல்யாணத்தை நானே எடுத்து நடத்தினேன். ஆனால் ஆல்பத்தில் ஒரு போட்டோவிலும் நான் இல்லை. (ஒரே ஒரு போட்டோவில் ஜெனரேட்டருக்குப் பின்னால் ஒரு முழங்கை தெரியும். அது என்னுடையது என்று அம்மா சத்தியம் செய்வாள்.) வளைகாப்புக்குப் போனபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால், குழந்தை யாழினிக்குக் காது குத்து என்று நாள் குறித்ததும் அக்கா எனக்குப் பத்திரிகை தரவில்லை, எச்சரிக்கைதான் தந்தாள்.

"டேய் சேகர், மத்ததுக்கெல்லாம் நீ வராட்டி பரவால்ல. இது தாய்மாமன் மடியில உட்கார வெச்சு பண்றது. எனக்கு இருக்கறது ஒரே தம்பி. அன்னிக்கி உன் மடி எனக்கு வேணும். நீ வராட்டி உனக்கு அக்காவே இல்லன்னு நெனச்சுக்கோ."

"இன்னாக்கா, அப்டி சொல்ற? முதல் ஆளா நிப்பேன்" என்றேன்.

புதன்கிழமை. குடியாத்தம் பக்கத்தில் அக்கா புகுந்த வீட்டின் குலதெய்வக் கோயில். பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் நல்ல நேரம். பன்னிரண்டு அடித்தால் ராகு காலம்.

அடுத்த வாரமே ஆம்பூர் ஷூ கம்பெனி முதலாளி ஒருவர் கூப்பிட்டார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஷூ கொடுக்கப் போகிறார். எந்த நாள்? அதே புதன்கிழமை. காலை ஒன்பது மணி.

புத்தியுள்ளவன் முடியாது என்று சொல்லியிருப்பான். நான் கணக்குப் போட்டேன். ஒன்பதுக்கு விழா, ஒன்பதே முக்காலுக்கு நன்றியுரை, பத்தே முக்காலுக்கு குடியாத்தம், மடி தயார். தர்மத்துக்குத் தர்மம், உறவுக்கு உறவு. இரண்டையும் சமாளிக்கும் என் திறமையை நினைத்து எனக்கே மெய்சிலிர்த்தது.

முதலாளி கேட்டது எளிமையான விஷயம். "தம்பி, பிள்ளைங்களுக்கு ஷூ குடுத்துட்டு ஒரு டீ குடிச்சிட்டுப் போய்டுவேன். ஜாஸ்தி ஆடம்பரம் வேணாம்." இதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தர்மம் என்றால் போட்டோவில் நன்றாக விழ வேண்டாமா? அட்டைப்பெட்டியை நீட்டுகிற போட்டோவை எவன் பார்ப்பான்? நிஜ ஷூக்களை ஜோடி ஜோடியாகப் பெட்டியில் போட்டு முதல் நாளே தலைமையாசிரியர் அறையில் அடுக்கியாயிற்று. மேடையில் கொடுப்பதற்கு மட்டும் இருபத்தொரு அலங்காரத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஷூ. கம்பெனி சாம்பிள் ரூமிலிருந்து இரவல் வாங்கினேன். (வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டும் சாம்பிளுக்கு எதற்கு இரண்டு கால்? வலது கால் மட்டும்தான் தைத்து வைத்திருந்தார்கள்.) மேலே பொன்னிறத் துணி மூடி, சிவப்பு ரிப்பன் கட்டினேன்.

தாய்மாமன் சீரும் இருபத்தொரு தட்டுதான். அதற்கும் அதே தட்டு, அதே துணி, அதே ரிப்பன். மொத்தமாக வாங்கியது வீணாகக் கூடாது பாருங்கள். பெயர் எழுதி ஒட்டலாமா என்று கடையில் கேட்டார்கள். "எது எதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தேன்.

புதன்கிழமை காலை இரண்டு குட்டியானை வந்தன. (சின்ன சரக்கு வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர்.) நானே நின்று ஏற்றினேன். ஒரு காதில் போன், மறு காதில் இன்னொரு போன். முதல் வண்டி பள்ளிக்கூடத்துக்கு. இரண்டாவது வண்டி அன்வர் பாய் ஓட்டுவது, அது கோயிலுக்கு. பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். பத்து வருஷமாக என் சாமான்களை ஏற்றி இறக்கி, இதுவரை ஒரு பூச்சட்டியைக்கூட உடைக்காத மனிதர்.

"பாய், நீங்க முன்னாடி போங்க. சீர இறக்கி அக்கா கையில குடுங்க. நான் பின்னாடியே வர்றேன்."

"சரி சார்" என்று போய்விட்டார்.

பள்ளிக்கூடத்தில் முதலாளி சரியாக ஒன்பதுக்கு வந்து உட்கார்ந்தார். தாமதம் முழுக்க என் கைவண்ணம். வரவேற்பு நடனம் நான் வைத்தது. அது முடிந்ததும் இன்னொரு வரவேற்பு நடனம். குத்துவிளக்கு, பதினோரு பொன்னாடை, மேலே பறந்து படம் எடுக்க ஒரு ட்ரோன். அது புங்க மரத்தில் சிக்க, அதை இறக்க இருபது நிமிஷம். முதலாளி இரண்டு தரம் வாட்சைப் பார்த்தார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவருடைய கொடையுள்ளத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். தட்டுகள் மேடைக்கு வந்தபோது மணி பத்து நாற்பது.

"ஏழாம் வகுப்பு மாணவன், காலணி பெற்றுக்கொள்ள மேடைக்கு வரவும்" என்று கம்பீரமாக அறிவித்தேன். முதலாளி துணியை விலக்கினார். தட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள்.

முதலாளி தேங்காயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல், "நல்லா படி கண்ணு" என்று தேங்காயைக் கையில் கொடுத்துவிட்டார். போட்டோக்காரர் படம் எடுத்தார். என் வாய் தன்பாட்டுக்கு அடுத்த பெயரை அறிவித்துவிட்டது. அரும்பு மீசை விட்ட ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குக் குழந்தைப் பவுடரும் கிலுகிலுப்பையும் போயின. அடுத்தவனுக்கு ஒரு வயசுக் குழந்தை போடும் பட்டுப் பாவாடை. அவன் அதைத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், என் சைஸ் எட்டு சார்" என்றான்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்தால், பதினேழு தவறிய அழைப்பு. பதினெட்டாவது அக்கா.

"டேய், இன்னாடா அனுப்பி இருக்க?"

"அக்கா, அது வந்து..."

"மேளம் கொட்டி, இருபத்தொரு பொம்பளைங்க தலையில தூக்கி, கோயிலைச் சுத்தி வந்து இறக்கினோம்டா. பிரிச்சா ஷூ! செருப்பை வாசல்ல விட்டுட்டு ஷூவைத் தலையில வெச்சுக்கினு உள்ள போயிருக்கோம். பூசாரி தலையில அடிச்சிக்கிறாரு. அதுவும் ஒத்தை. இன்னொரு காலு எதுலயாவது இருக்கும்னு இருபத்தொரு தட்டையும் பிரிச்சுப் பார்த்தோம். இல்லடா!"

பின்னணியில் அவள் மாமியார் குரல் தெளிவாகக் கேட்டது. "குடுத்ததுதான் குடுத்தான், ரெண்டு காலுக்கும் குடுக்கக் கூடாதா?"

"நீ எங்கடா இருக்க?" என்றாள் அக்கா.

"வந்துட்டே இருக்கேன்க்கா. இதோ, பக்கத்துல."

அந்த நேரம் பார்த்து, நான் கீழே வைத்த மைக்கைத் தலைமையாசிரியர் எடுத்து, "அடுத்ததாக எட்டாம் வகுப்பு பி பிரிவு!" என்று முழங்கினார். அக்கா போனை வைத்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் மேடையிலேயே கண் கலங்கிவிட்டது.

முதலாளியிடம் ஓடி விஷயத்தைச் சொன்னேன். தட்டுகளைத் திரும்ப வாங்கித் தந்தால் போதும் என்று கெஞ்சினேன். அவர் தலையாட்டினார், இல்லை என்று.

"குடுத்தத திருப்பி வாங்கற பழக்கம் எங்க வீட்ல கெடையாது தம்பி. ஷூ உள்ள இருக்குல்ல, அதை நானே குடுத்துக்கறேன். அக்கா வீட்டு விசேஷத்த வெச்சுக்கினு இங்க வந்து இன்னா மைக்க புடிச்சிட்டு நிக்கற? நான் வேணாம்னு சொன்ன ஆட்டத்தெல்லாம் வெச்சு என்னையும் பேஜார் பண்ணி... போ, என் கார எடுத்துக்கினு போ."

அப்படியாக என் அக்கா மகளின் சீர்வரிசை ஆம்பூர் மாணவர்களுக்குத் தானமானது. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே பெரிய தர்மம் அதுதான். அதுவும் எனக்குத் தெரியாமல்.

அவருடைய டிரைவர் நல்ல வேகமாகத்தான் ஓட்டினார். வழியில் ஒரு ரயில்வே கேட். கேட்டுக்கு இந்தப் பக்கம் நான், சட்டைப் பையில் தாய்மாமன் போட வேண்டிய யாழினியின் தங்கக் கம்மல். அந்தப் பக்கம் சரக்கு ரயில் முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கோயில் வாசலில் இறங்கும்போது பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம். செருப்பை உதறிவிட்டு மண்டபத்துக்கு ஓடினேன்.

மண்டபத்தில் வேறு ஒரு குடும்பம் பாய் விரித்துக்கொண்டிருந்தது. ஓரமாக ஒரு தூணில் சாய்ந்து அன்வர் பாய் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் சம்பங்கி மாலை, காக்கிச் சட்டை முழுக்க சந்தனம். மடியில் மொட்டைத் தலையோடு யாழினி. இரண்டு காதிலும் ஆசாரி போட்ட வெள்ளிக் கம்பி. அவருடைய விரலை இறுகப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சார், நான் எவ்ளோ சொன்னேன் சார்" என்றார் பாய், குழந்தை முழித்துக்கொள்ளாதபடி மெதுவாக. "நான் வண்டி ஓட்டறவன்மா, வேற ஆளப் பாருங்கன்னு சொன்னேன்."

அவர் சொன்னது உண்மைதான். நேரம் போகிறது, தம்பி வரப்போவதில்லை என்று தெரிந்ததும், அக்காவின் மாமியார் கூட்டத்தின் நடுவே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "சீர் கொண்டாந்தவன்தான் தாய்மாமன். ஷூவோ இன்னாவோ, அவன் கொண்டாந்தான்ல? உட்காரச் சொல்லு." பாய் மறுத்தபோது, "வண்டி ஓட்டறவனுக்கு மடி இல்லையா?" என்று கேட்டாராம். பாய் உட்கார்ந்துவிட்டார். ஊசியைக் கண்டதும் வீறிட்ட குழந்தைக்கு, வண்டி பின்னால் வரும்போது எழுப்பும் கீங் கீங் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டியிருக்கிறார். அது சிரிக்கும்போதே இரண்டு காதும் முடிந்துவிட்டது.

அக்கா என்னிடம் மூன்று மாதம் பேசவில்லை. அப்புறம் பேசினாள், ஆனால் பதவியைத் திருப்பித் தரவில்லை. பொங்கலுக்கு யாழினிக்குத் துணி எடுத்து வருவது அன்வர் பாய். ரம்ஜானுக்கு அவர் வீட்டு பிரியாணி முதலில் வருவது அக்கா வீட்டுக்கு. வீட்டில் யார் எதை மறந்தாலும், அரைகுறையாகச் செய்தாலும், அக்காவின் மாமியார் இன்றைக்கும் சொல்வது ஒன்றுதான்: "சேகர் சீர் மாதிரி ஒத்தைக் காலா பண்ணாத."

இப்போது என் வீட்டு விசேஷம் என்றால் ஆபீசைப் பூட்டிவிட்டு இரண்டு மணி நேரம் முன்னாடியே போய் உட்கார்ந்துகொள்கிறேன். யாரும் கவனிப்பதில்லை. யாழினி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் பள்ளிக்கூடத்தில் ஒரு நோட்டில் குடும்பப் படம் ஒட்டி வரச் சொன்னார்கள். அம்மா, அப்பா, பாட்டிக்குப் பக்கத்தில் 'தாய்மாமா' என்று எழுதி, அன்வர் பாய் மாலையோடு உட்கார்ந்த போட்டோவை ஒட்டியிருந்தாள். என்னைத் தேடினேன். காணோம்.

"நான் எங்கடா கண்ணு?" என்றேன்.

"இருக்கியே" என்று நாலு பக்கம் புரட்டினாள். 'நமக்கு உதவி செய்பவர்கள்' என்று ஒரு பக்கம். தபால்காரர், போலீஸ்காரர், துப்புரவுப் பணியாளர், அடுத்தது நான், மைக்கோடு. கீழே குண்டு எழுத்தில் 'பந்தல் போடுபவர'.

நான் பந்தல் போடுகிறவன் இல்லை, ஈவென்ட் மேனேஜர் என்று திருத்த வாயெடுத்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். நான் பென்சிலை எடுத்து, கடைசி 'ர'வுக்கு ஒரு புள்ளி விட்டுப்போயிருந்ததை மட்டும் வைத்துக் கொடுத்தேன்.