மாமனார் பெயர், பதினேழாவது வரி

‘பதினேழாவது வரியில் தப்பு’ என்று சிவப்பு எழுத்தில் காட்டியது, புரோகிராமைச் சரிபார்த்து ஓட்டும் ஆன்லைன் கம்பைலர். இது மூன்றாவது முறை.

பெர்மெட் பல்லைக் கடித்தாள். பன்னிரண்டு மணிக்குள் இந்தப் புரோகிராமை ஓடவைத்து அனுப்பினால் தலைநகர் பிஷ்கெக்கில் வேலை. இல்லாவிட்டால் இந்த நாரின் ஊரிலேயே மாமனாரின் பால்பண்ணை. மணி பதினொன்றேகால்.

பரீட்சை சுலபம்தான். ‘குடும்பத்தார்’ என்று ஒரு கிளாஸ், அதில் வீட்டிலுள்ள ஆளுக்கொரு ஆப்ஜெக்ட், ஒவ்வொன்றுக்கும் கடைசிவரை மாறாத ஒரு பெயர். ஆனால் ஊர் வழக்கப்படி மருமகள் மாமனார் பெயரைச் சொல்லவோ எழுதவோ கூடாது. அவரோ பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். அதனால் அவருக்குத் ‘தாடிக்காரர்’ என்று பெயர் வைத்தாள். ஐந்து வரி தள்ளி, அது மரியாதையாக இல்லையே என்று ‘பெரியவர்’ என்று எழுதினாள். கம்பைலருக்கு ஏது மரியாதை? யார் அந்தப் பெரியவர் என்று கேட்டது.

“என்னம்மா, சிவப்பா தெரியுது?” என்றார் மாமனார்.

“ஒண்ணுமில்ல மாமா.”

“அந்த மெஷின் யாரையும் தேற விடாது. எனக்குத் தெரியும். போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு.”

“மாட்டேன். பன்னெண்டு மணிக்கப்புறம் கேளுங்க.”

மருமகள் எதிர்த்துப் பேசி அந்த வீடு கேட்டதில்லை. டீத்தண்ணீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில் மாமியார் சைராகுல் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

பெர்மெட் எல்லா இடத்திலும் ‘பெரியவர்’ ஆக்கினாள். கணவனின் பெரியப்பாவுக்கு ஏற்கெனவே அந்தப் பெயரைக் கொடுத்திருந்தது மறந்துபோயிற்று. தப்பு ஒன்பதானது. பெரியப்பாவைத் ‘தொப்பிக்காரர்’ ஆக்கினாள், அவசரத்தில் பாதி இடத்தில் மட்டும். பதினான்கு.

ஒருவழியாகச் சிவப்பெல்லாம் போனபோது புதிதாக ஒரு வரி வந்தது: ‘குடும்பத் தலைவர் பெயர் விண்ணப்பத்தோடு பொருந்தவில்லை.’ வேலைக்கான விண்ணப்பத்தை நிரப்பியவன் அவள் கணவன். அப்பா பெயரை எழுத அவனுக்கென்ன தடை?

மணி பதினொன்று ஐம்பத்தாறு.

“என்ன, முடியலையா? நான்தான் சொன்னேனே,” என்றார் மாமனார்.

அவ்வளவுதான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது பெர்மெட்டுக்கு. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டே கத்தினாள். “தெமிர்குல்! உங்க பேரு தெமிர்குல் மாமா! ஊரே கூப்பிடுது, நான் மட்டும் சொல்லக் கூடாதா? தெமிர்குல்!”

திரையில் பச்சை எழுத்து: ‘தேர்ச்சி.’

மாமனார் எட்டிப் பார்த்தார். முகம் கறுத்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு, கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியேறினார்.

பெர்மெட் மாமியார் பக்கம் திரும்பினாள். நிமிர்ந்தே உட்கார்ந்தாள். “அத்தை, பேரைச் சொன்னது தப்புன்னா தப்பாவே இருக்கட்டும். இன்னொரு தடவையும் சொல்லுவேன்.”

“பேருக்கா இந்தக் கோவம்? அட போம்மா!” சைராகுல் அவளுக்கு டீ ஊற்றினாள். “இதே பரீட்சையில அவரு நாலு தடவ தோத்துட்டாரு.”