பூசணிக்கொடி விஷயமாக மைத்துனருக்கு

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் அக்காவின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது.

நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் விரிசல் விட்ட கோப்பையை நல்ல பக்கமாகத் திருப்பி வைத்து விற்கிற பழக்கம் எனக்குத் தள்ளுவண்டிக் காலத்திலேயே கிடையாது. அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்கா போட்ட பூசணிக்கொடி போய்விட்டது.

ஒரு கொடிக்கு இவ்வளவு பீடிகையா என்று தங்கச்சி கேட்கலாம். உங்களுக்குத் தெரியும். உங்கள் அம்மா வீட்டிலிருந்து வந்த விதை அது. வருஷா வருஷம் ஒரு காயை முற்றவிட்டு, விதை எடுத்துக் காயவைத்து, டப்பாவில் போட்டு வைப்பாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் டப்பாவையே கவிழ்த்து எல்லாவற்றையும் ஊன்றிவிட்டாள். "ஸ்டாக்கே இல்லாம இப்படி மொத்தத்தையும் போடுவாங்களா?" என்று கேட்டேன். "அடுத்த வருஷத்துக்கு இதுலயே காய்க்கும், நீங்க தண்ணி மட்டும் விடுங்க" என்றாள். அவள் போய்விட்டாள். விதைகள் எல்லாம் முளைத்தன. இதில் ஒரு காயாவது முற்றினால்தான் அந்த விதை உண்டு, இல்லையென்றால் அதோடு சரி. எங்கள் மகளிடம் போனில் சொன்னேன். "விதைதானேப்பா, கடையில கிடைக்கும்" என்கிறாள். கடையில் கிடைக்கும் என்று கடைக்காரனுக்கே சொல்கிறாள்!

தண்ணீர் மட்டும் விட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். ஒருநாள் காலையில் பார்த்தால் இரண்டு மூன்று இலைகளில் வெள்ளையாக மாவு தூவின மாதிரி பொட்டுப் பொட்டாக இருந்தது. தெருவில் வீடு கட்டுகிறார்கள், சிமென்ட் தூசி என்று நினைத்தேன். பீங்கான் கடைக்காரனுக்குத் தூசியைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா மாப்பிள்ளை? தூசி படிந்த சரக்கை யார் தொடுவார்கள்? ஒரு மெல்லிய துணியை எடுத்து, கடையில் தட்டுகளைத் துடைக்கிற மாதிரியே, வரிசையாக ஒவ்வோர் இலையாகத் துடைத்தேன். அழுக்கான இலையில் ஆரம்பித்து நல்ல இலையில் முடிப்பேன். மறுநாள் இன்னும் நாலு இலை வெளுத்திருக்கும். சரி, தூசி அதிகமாகிவிட்டது என்று இன்னும் அழுத்தித் துடைத்தேன். தினமும் காலையில் கடைக்குக் கிளம்பும் முன் இதுதான் வேலை. பொய் எதற்கு, மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. வீட்டில் நான் தொடுவதற்கு என்று வேறு யார் இருக்கிறார்கள்.

தோட்டமே சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆன பிறகுதான் ஓர் இலையை மடித்துக்கொண்டு உரக்கடைக்குப் போனேன். உரக்கடைக்காரர் என்னை மாதிரியே அடிமட்டத்திலிருந்து வந்தவர், வார்த்தையைச் சுற்றி வளைக்க மாட்டார். இலையைத் திருப்பிப் பார்த்தார். "சாம்பல் நோய்ங்க. ஆரம்பத்துலயே அந்த இலைங்களைக் கிள்ளித் தூரப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். இது என்ன, யாரோ துணியால துடைச்ச மாதிரி கோடு கோடா இருக்கு?"

நான் அங்கே அடுக்கியிருந்த உரமூட்டைகளை எண்ண ஆரம்பித்தேன்.

"வீட்லதான் செடியைப் பார்த்துக்கறாங்களா?"

"ஆமா" என்று வாயில் வந்துவிட்டது.

"அவங்ககிட்ட சொல்லுங்க, துடைக்கவே கூடாது. துணியோட போய் நோயை இலை இலையா ஒட்டிவிட்டிருக்காங்க. செடியெல்லாம் நெருக்கமா இருக்கா? பாதியைப் பிடுங்கச் சொல்லுங்க, காத்து போகணும், வெயில் படணும். யூரியா போடவே வேணாம், இலைதான் கொழுக்கும். லேசா இருந்தா பாலை நிறையத் தண்ணியில கலந்து தெளிக்கலாம்."

"எங்க பால்காரர் ஏற்கெனவே அப்படித்தான் கொடுக்கிறார், அப்படியே தெளிச்சிடலாம்" என்றேன். அவர் சிரித்தார். அப்புறம் கந்தகப் பொடியும் வேப்பெண்ணெயும் எடுத்து வைத்தார். "ரெண்டுல ஒண்ணுதான். ஒண்ணு அடிச்சா ரெண்டு வாரம் இன்னொண்ணைத் தொடக்கூடாது. வெயில் நேரத்துல அடிக்கவே கூடாது, கருகிடும். மறக்காம அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து படத்தின் முன்னால் நின்று சொல்லவும் செய்தேன். பதில் இல்லை. உயிரோடு இருந்தபோதும் என் யோசனைகளுக்கு உங்கள் அக்கா பதில் சொன்னதில்லை, அதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று எழுத ஆசைதான். முடியவில்லை.

பாதிச் செடிகளைப் பிடுங்கச் சொன்னார் அல்லவா, அதற்கு எனக்குக் கை வரவில்லை. எதைப் பிடுங்குவது? எல்லாமே அவள் விரலால் குழி போட்டது. அப்படியே விட்டேன், காற்றும் போகவில்லை. மருந்து விஷயத்தில் என் வியாபார புத்தி வேறு குறுக்கே வந்தது. தட்டோடு கிண்ணத்தைச் சேர்த்துக் கட்டி விற்றே மேலே வந்தவன் நான். கந்தகமும் எண்ணெயும் தனித்தனியாகவே வேலை செய்யும் என்றால், சேர்ந்தால் இரட்டிப்புப் பலன்தானே என்று ஒரே வாளியில் கலந்தேன். கடை சாத்துகிற மத்தியானம்தான் எனக்கு ஓய்வு, அந்த வெயிலிலேயே அடித்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் இலைகள் எல்லாம் அடுப்பில் வாட்டின காகிதம் மாதிரி சுருண்டு கிடந்தன. நோய் மிச்சம் வைத்ததை நான் முடித்தேன்.

ஒரே ஒரு காய் கிடக்கிறது. இலை இல்லாமல் அது எங்கே முற்றப்போகிறது? நாளைக்கு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் சிமென்ட் தளம் போட்டு, காலிப் பெட்டிகளை அடுக்கப்போகிறேன். உங்கள் அம்மா வீட்டு விதை என் கையில் முடிந்தது என்பதை வேறு யாரும் சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது, அதற்குத்தான் இந்தக் கடிதம். ஆறுதல் சொல்ல என்று சிரமப்பட்டு வர வேண்டாம். கடை இருக்கிறது, எனக்குப் பொழுது போகும்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், நம்மைவிட நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா வீட்டுக்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டியபின் பிரித்து எழுதுகிறேன். கொடியைப் பிடுங்கப் போனேன். காயைப் புரட்டினால் அடிப்பக்கமெல்லாம் மஞ்சள். காம்பு காய்ந்து கட்டையாகிவிட்டது, தோலில் நகத்தை வைத்து அழுத்தினால் இறங்கவில்லை. முற்றிவிட்டது மாப்பிள்ளை! மேலே எழுதியது எல்லாம் ரத்து. கொத்தனாரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் விதை வேண்டுமென்றால் காயை அறுத்தாக வேண்டும். காலையிலிருந்து கத்தியை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நீங்கள் உடனே புறப்பட்டு வாருங்கள். கத்தியைத் தீட்டி வைத்திருக்கிறேன். என்னால் அதுவரைதான் முடிகிறது.