பீரோவுக்கு அந்தப் பக்கம்

சொந்தக் கதையை நாவலாக எழுதுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எதிரில் உட்கார்ந்தால் போதும், ஓர் அத்தியாயத்தை உருவி வாசித்துக் காட்டாமல் எழுந்திருக்க விடமாட்டார்கள். 'நான்' என்று தொடங்கும் அந்த நாவலில் எல்லோரும் கத்துவார்கள், பொய் சொல்வார்கள், கதவை அறைந்து சாத்துவார்கள். 'நான்' மட்டும் ஒரு பெருமூச்சோடு நிறுத்திக்கொள்வார்.

நம் மருந்துக்கடைக்காரரும் இந்த இனம்தான். கடையில் கூட்டம் ஓய்ந்தால் நாவல். அதில் வில்லன், கூடப் பிறந்த அண்ணன். வீடு மாறிய அன்று பீரோவைப் பாதிப் படியில் வைத்துவிட்டு, காரணமே இல்லாமல் கத்திவிட்டுப் போனவர், இரண்டு வருடமாகப் பேசவில்லை. அது மருந்துக்கடைக்காரரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தப்பு யார் மேல்? நாவலைப் படித்தால் தெரிந்துவிடுமே!

படித்தது மனைவி.

"ஏங்க, இதுல உங்க அண்ணன் வர்றாரு, கத்துறாரு, போறாரு. மனுஷன் மாதிரியே இல்லையே?"

"அவர் அப்படித்தான்."

"அந்தப் படிக்கட்டை மட்டும் அவர் கண்ணால பாத்து எழுதுங்களேன்."

வில்லனின் வண்டவாளம் அவர் வாயாலேயே வெளிவரட்டும் என்று குஷியாகப் பேனாவை எடுத்தார். அண்ணனுக்குள் புகுந்து பீரோவைத் தூக்கினார். தோள் கழன்றுவிடும் போலிருந்தது, விரல் சுவரில் நசுங்கியது, வியர்வை கண்ணில் இறங்கியது; நிமிர்ந்து பார்த்தால் மேல்படியில் ஒருவன், சட்டையில் ஒரு கசங்கல் இல்லாமல், கையில் குளிர்பானத்தோடு, "கொஞ்சம் இடது பக்கம்ணே... இல்ல இல்ல, வலது" என்கிறான்.

யார் இந்தத் தடியன்? பேனா நின்றுவிட்டது.

வெட்கம் பிடுங்கித் தின்ன, போனை எடுத்தார்.

"அண்ணே... அன்னைக்கு நானும் ஒரு கை பிடிச்சிருக்கணும்."



"இதைச் சொல்ல உனக்கு ரெண்டு வருஷமாடா?" என்றார் அண்ணன். "சரி, பீரோ இப்ப எங்க இருக்கு?"

"அதே படியிலதான்ணே. நாங்க ஒருக்களிச்சுப் போயிட்டு வந்துட்டிருக்கோம்."

"ஞாயித்துக்கிழமை வர்றேன். கீழ்ப்பக்கம் நீ பிடி."

இதைப் படிக்கும்போது உங்களுக்கு மைத்துனர், மேலதிகாரி, மாடிவீட்டுக்காரர் என்று யார் யாரோ ஞாபகத்துக்கு வந்திருப்பார்கள். உங்கள் ஞாபகம் உங்களுக்கே வந்ததா? வரவில்லையா? சரி, உங்கள் நாவல் எத்தனையாவது அத்தியாயத்தில் இருக்கிறது?