ஒப்பந்தம் முடிய ஐந்து வழிகள்

"கடவுளுக்கு 'வேணாம்'னு சொல்லத் தெரியுமா டீச்சர்?" என்று ஞாயிறு வேதப்பள்ளியில் ஒரு சிறுமி கேட்டாள்.

"அவருக்குத் தெரியும் கண்ணு. நம்ம ஊர்க்காரங்களுக்குத்தான் தெரியாது" என்றார் வெர்னா.

மினசோட்டாவின் அந்தச் சிற்றூரில் யாரும் யாரையும் மறுத்துப் பேசுவதில்லை. கணவர் இறந்த துக்கத்தில், வீட்டை விற்றுத்தரும்படி தரகர் லீலண்டிடம் ஆறு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார் வெர்னா. மறுவாரமே மனம் மாறிவிட்டது. ஆனால் லீலண்ட் அதற்குள் படமெல்லாம் எடுத்து, கேக்கும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். எந்த வாயால் வேண்டாம் என்பது?

ஒப்பந்தத்தைப் படித்தார். வீடு விற்றால் முடியும். ஆறு மாதத் தவணை தீர்ந்தால் முடியும். இருவரும் பேசி முடிக்கலாம். அதற்குப் பேச வேண்டுமே. வீடு எரிந்தாலும் முடியும். இருவரில் ஒருவர் செத்தாலும் முடியும். வீட்டைக் கொளுத்துவது பாவம். லீலண்டுக்கு முப்பத்தெட்டு வயது, கல்யாணமாகாத திடகாத்திரம்.

தவணைதான் கதி.

வீடு பார்க்க ஆள் வரும்போதெல்லாம் லூட்ஃபிஸ்க் கருவாட்டை வேகவைத்தார். வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். கடைசி வாரம் வந்த இங்வால்ட் மட்டும் அடுப்படியில் கண்கலங்கி நின்றார்.

"எங்கம்மா வீட்டு வாசனைங்க."

"நிலவறையில தண்ணி ஏறும்" என்றார் வெர்னா அவசரமாக.

"நான் முப்பது வருஷமா பிளம்பர்ங்க."

"பக்கத்து வீட்டுல விடியற்காலையிலயே அக்கார்டியன் வாசிப்பாங்க."

"அப்படியா? நானும் வாசிப்பேங்க, எனக்கும் ஒரு துணையாச்சு. திங்கட்கிழமை முழு விலைக்கும் சம்மதம்னு எழுதிக் கொண்டாரேன்."

வெர்னா ஜெபித்தார். திங்கட்கிழமை இங்வால்ட் வரவில்லை. செவ்வாயும் புதனும் போயின. வெள்ளி மாலை ஐந்து அடித்தது, தவணை தீர்ந்தது.

லீலண்ட் தலைகுனிந்து வந்தார். "மன்னிச்சுக்கங்கக்கா. என்னால விக்க முடியல."

"பரவால்ல தம்பி, எவ்வளவோ பாடுபட்டீங்க" என்று வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு தான் சுட்ட ஆப்பிள் பலகாரத்தைக் கொடுத்து அனுப்பினார். கதவைச் சாத்தியதும் அடுப்படியில் இரண்டு சுற்று ஆடினார். மூட்டை கட்டியிருந்த கணவரின் தொப்பியை எடுத்து ஆணியில் மாட்டினார். வீடு அவருடையது.

வாசலில் 'விற்பனைக்கு' பலகையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார் லீலண்டின் வேலையாள் கார்ல்.

"அந்த பிளம்பர் ஏன் வரல கார்ல்?" என்றார் வெர்னா.

"மொத நாள் கருவாட்டு வாசத்துலயே உங்களுக்கு இஷ்டமில்லன்னு எங்க முதலாளிக்குப் புரிஞ்சுபோச்சுக்கா. ஆனா அந்த மனுஷன்கிட்ட இல்லன்னு சொல்ல வாய் வரல. தன் சொந்த வீட்டையே அவருக்கு வித்துட்டாரு."