பேச்சுக் கலையில் ஒரு எஃப்

டோலிடோ, ஒஹையோ
மே 9

மதிப்பிற்குரிய மைத்துனர் நார்பர்ட் அவர்களுக்கு,

உங்கள் தங்கை டோரீனின் கணவன் ரேமண்ட் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். ஃபுளோரிடாவில் நீங்களும் உங்கள் புது முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய கிரேப்ஃப்ரூட் பெட்டி வந்து சேர்ந்தது. பன்னிரண்டில் ஏழு நன்றாக இருந்தன. உங்களுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை இத்தோடு முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் கோரின் சட்டம் படிக்க விண்ணப்பித்திருப்பது உங்களுக்குத் தெரியும். இந்த நாட்டில் சட்டக் கல்லூரிகள் ஏறக்குறைய இருநூறு இருக்கின்றன, ஆனால் முதல் பதினான்கைத் தவிர மற்றதைப் பற்றி எவனும் மூச்சு விடுவதில்லை. ஏன் பதினான்கு, பத்தோ பதினைந்தோ ஆகாதா என்று கேட்டால் ஒருத்தருக்கும் பதில் தெரியாது. அதற்குள் நுழைய இரண்டு எண் வேண்டும். ஒன்று எல்சாட் என்கிற நுழைவுப் பரீட்சை. முழு மதிப்பெண் நூற்று எண்பது. பேரைப் பதிந்துவிட்டுத் தூங்கினாலும் நூற்றிருபது கொடுத்துவிடுவார்கள், அவ்வளவு தாராள மனசு. நம் பெண் எட்டு மாதம் கண் எரிய எரியப் படித்து நூற்று எழுபத்து மூன்று வாங்கினாள். இன்னொன்று பட்டப்படிப்புச் சராசரி. அதில் நாலுக்கு 3.95 வைத்திருந்தாள். அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் சேர்ந்தவர்களின் நடுமதிப்பு, பரீட்சையில் 174, சராசரியில் 3.92. கல்லூரிகளின் தரப்பட்டியலில் தங்கள் இடம் சறுக்கிவிடக் கூடாதே என்று, இரண்டில் ஒன்றையாவது தாண்டினவர்களைத்தான் அவர்கள் வாரி எடுக்கிறார்களாம். கோரின் ஒன்றைத் தாண்டிவிட்டாள். நானும் எங்கள் பந்துருட்டு விளையாட்டுக் குழுவில் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டேன்.

சொன்ன வாய் இன்னும் வலிக்கிறது, மச்சான். விண்ணப்பங்களையெல்லாம் திரட்டிக் கல்லூரிகளுக்கு அனுப்ப ஒரு அமைப்பு இருக்கிறது. அவர்கள் சராசரியைத் தாங்களே முதலிலிருந்து போடுவார்கள். பட்டம் வாங்குவதற்கு முன் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் எடுத்திருந்தாலும், பள்ளியில் இருந்தபோது எடுத்ததாக இருந்தாலும், தோண்டி எடுத்துக் கணக்கில் சேர்ப்பார்கள். அப்படித் தோண்டியபோது அகப்பட்டது எது தெரியுமா? ஏழு வருடத்துக்கு முந்தைய கோடை, நம் ஊர் சமுதாயக் கல்லூரி, பாடம் பேச்சுக் கலை, மதிப்பெண் எஃப், அதாவது தோல்வி, ஆசிரியர் நீங்கள். அந்த ஒரு எஃப் 3.95-ஐ 3.85 ஆக்கிவிட்டது. இப்போது அவள் இரண்டு எண்ணிலும் நடுமதிப்புக்குக் கீழே. காத்திருப்போர் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். ஜூன் முதல் தேதிவரை காத்திருக்கலாம், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தை ஓரமாக நிறுத்திவிட்டு அந்தச் சட்டக் கல்லூரியைத் தொலைபேசியில் பிடித்தேன். ஒரு அம்மாள் தேன் ஒழுகப் பேசினாள். "நாங்க நம்பரையெல்லாம் பெருசா பாக்கறதில்ல சார். முழு மனுஷியைப் பாக்கறோம்" என்றாள். "ரொம்ப சந்தோஷம்மா. அந்த முழு மனுஷிக்குச் சராசரி எவ்வளவு இருக்கணும்?" என்று கேட்டேன். "3.92 இருந்தா நல்லது சார்" என்றாள்.

அடுத்து நம் ஊர் சமுதாயக் கல்லூரிப் பதிவாளர் அலுவலகம். எண் சீட்டை வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். "மாணவர் நீங்களா?" என்று கேட்டான் ஜன்னலில் இருந்தவன். என் தலையில் மூன்று முடி இருக்கிறது, கேட்கிறான் பாருங்கள். "அவ அப்பா" என்றேன். "அப்பாகிட்ட மதிப்பெண் விவரம் பேசக்கூடாது சார், சட்டம் இருக்கு" என்றான். "தம்பி, அந்தச் சட்டத்தைப் படிக்கத்தான்டா அவ போறா, நீ விட்டாத்தானே" என்றேன். கடைசியில் அவனுக்கே பாவமாக இருந்ததோ என்னவோ, "பொதுவா சொல்றேன் சார், யாரைப் பத்தியும் சொல்லல. மதிப்பெண்ண மாத்தணும்னா அந்த ஆசிரியரே தப்பு நடந்துபோச்சுன்னு எழுதிக் கொடுக்கணும்" என்றான்.

ஆக, உங்களிடம் வந்து நிற்கிறேன். அந்தக் கோடையில், "பொண்ணை என் வகுப்பிலேயே சேத்துவிடு டோரீன், நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது யார்? நல்லாப் பார்த்துக்கொண்டீர்கள். வக்கீலாகப் போகிறவளுக்குப் பேச்சில் எஃப். சொந்தத் தங்கை மகள், பதினாறு வயதுப் பிள்ளை, நாலு வகுப்புக்கு வரவில்லை என்றால் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீர்களா? அதற்கு மட்டும் உங்களுக்குப் பேச்சு வரவில்லை. நன்றி நவிலும் நாள் விருந்தில் வான்கோழியை அறுக்காமல் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் பேசுவீர்களே, குழம்பு ஆடை கட்டிப்போகும்வரை, அந்தப் பேச்சுக்கு உங்களுக்கு மதிப்பெண் போட ஆளில்லாமல் போயிற்று. எனக்கு வயிறு எரிகிறது, மச்சான். அவள் இப்போது வேலை செய்வது ஏழைகளுக்காக வாதாடும் வக்கீல்களின் அலுவலகத்தில், கோப்பு தூக்கும் வேலை. தூக்கும் கோப்பையெல்லாம் படித்துவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் எங்களிடம் வாதாடுகிறாள். அந்தப் பிள்ளையை ஒற்றை எழுத்தால் மடக்கிவிட்டீர்கள். ஒரு வரி எழுதினால் போதும், "கவனக்குறைவால் தவறாகப் பதிந்துவிட்டேன்" என்று. மானம் ஒன்றும் கப்பலேறிவிடாது.

டோரீன் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். நான் கேட்கவில்லை. இருந்தாலும் நீங்கள் முழங்கால் வலியில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், அதுவும் ஜூன் முதல் தேதிவரை கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஆண்டவரை வேண்டிக்கொள்ளும்,

ரேமண்ட் விஷ்னெவ்ஸ்கி

பின்குறிப்பு: தேதியெல்லாம் சரியா என்று பார்க்கச் சொல்லி இதைக் கோரினிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு உட்கார்ந்தாள்.

"மாமா மேல தப்பில்லப்பா. அவர் மூணு தடவ ஃபோன் பண்ணாரு. நான்தான் எடுத்தேன். போரடிக்குது, வரமாட்டேன்னு சொல்லிட்டேன். உங்ககிட்டயும் அம்மாகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு கெஞ்சினேன்" என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

"நீங்க வேல பாத்த கண்ணாடித் தொழிற்சாலைய மூடுன கோடைப்பா அது. நீங்க எட்டு வாரம் கட்டில விட்டு எந்திரிக்கல. அம்மா ஏழு மணிக்கே வேலைக்குப் போயிடுவாங்க. உங்க துப்பாக்கிப் பெட்டிச் சாவிய நான் என் பையில வச்சுக்கிட்டுக் கூடத்துல உக்காந்திருப்பேன். உங்கள விட்டுட்டு எப்படிப்பா வகுப்புக்குப் போவேன்?"

கெட்ட மதிப்பெண்ணுக்குக் காரணம் சொல்ல விண்ணப்பத்தில் ஒரு பக்கம் கொடுப்பார்களாமே, அதில் என்ன எழுதினாய் என்று கேட்டேன். "சோம்பேறியா இருந்தேன்னு எழுதினேன்" என்றாள். "எங்கப்பா கதை அவங்களுக்கு எதுக்கு?" என்றாள். எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மச்சான், மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடுங்கள். மதிப்பெண்ணை மாற்ற வேண்டாம், அது சரியான மதிப்பெண்தான், ஆனால் அவளுடையது இல்லை, என்னுடையது. அவள் எழுத மறுத்த அந்த ஒரு பக்கத்தை நானே எழுதி, என் கையெழுத்துப் போட்டு, அந்தச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பப் போகிறேன். அவள் கோபித்துக்கொள்வாள், கோபித்துக்கொள்ளட்டும். காலையிலிருந்து மூன்று தாள் வீணாகிவிட்டது. நீங்கள் பேச்சுக் கலை வாத்தியார். இப்படி ஒரு விஷயத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.